இருபத்தெட்டு அங்குலம்

எங்கள் தெருவில் அவளுக்கு ரெட்டைச்சடை என்று பேர். நாற்பத்தேழு வயதில் பள்ளிக்கூடப் பெண் மாதிரி இரண்டு சடை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனால் தெரு வேறென்ன பேர் வைக்கும்? மூலையில் அழகு நிலையம் வைத்திருக்கிறவள்தான் முதலில் சொன்னாள். ஒரு வாரத்துக்குள் தபால்காரர் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு அதில் பங்கில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் நானும் சொல்லிச் சிரித்தவள்தான்.

நான் தையல்காரி. கீழ்த்தளத்தில் தெருவைப் பார்த்த அறை கடை, அதற்குப் பின்னால் இருக்கிற அறை வீடு. மாடியில் என் தலைக்கு நேர் மேலே இருந்த ஒற்றை அறையில் அவள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் வளை கொஞ்சம் அதிகமாகவே தனியாக அமைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷமாகிறது. மேலே போகவில்லை, வேறு ஊருக்குப் போனார். அதை விளக்கப் போனால் கதை அவரைப் பற்றியதாகிவிடும். அதற்கு அவர் லாயக்கில்லை.

ஆறு வருஷம் அவளும் நானும் படிக்கட்டில் பார்த்தால் "என்ன, வேலைக்கா?" "ஆமா" என்பதோடு சரி. நூல் ஆலையில் சோதனை அறையில் வேலை என்பது மட்டும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சீருடைக் கால்சட்டைக்கு அடிமடிப்புத் தைத்துக்கொண்டிருந்தபோது கடை வாசலில் வந்து நின்றாள். கையில் துணி எதுவும் இல்லை. தலைமுடியை அவிழ்த்து விட்டிருந்தாள்.

"அக்கா, ஒரு அளவு எடுக்கணும்."

"என்ன தைக்கணும்?"

"தைக்கறதுக்கில்ல. என் முடிய அளக்கணும். பின்னாடி எனக்கு எட்டல."

நான் மிஷினிலிருந்து காலை எடுத்தேன். இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தொழில் செய்கிறேன். கல்யாண கவுன் அளந்திருக்கிறேன், சோபா உறை அளந்திருக்கிறேன், ஒரு தடவை ஒருத்தருடைய நாய்க்குக் கம்பளிச் சட்டை அளந்திருக்கிறேன், அது என்னைக் கடித்தும் இருக்கிறது. முடி அளந்ததில்லை.

"கழுத்து எலும்புலேர்ந்து நுனி வரைக்கும்க்கா. இடது பக்கம் தனியா, வலது பக்கம் தனியா. எது பண்ணா முடி வளரும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அதான் பாதித் தலைக்கு ஒண்ணு, மீதித் தலைக்கு ஒண்ணு செஞ்சு பார்க்கப் போறேன்."

மரை கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். அதை முகத்தில் காட்டாமல் டேப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றேன். இரண்டு பக்கமும் பதினாலு அங்குலம் இருந்தது. சொன்னேன். அவள் ஒரு சின்ன நோட்டை எடுத்து, "சென்டிமீட்டர்ல சொல்லுங்கக்கா" என்றாள்.

"எனக்கு அங்குலம்தான். வேணும்னா நீ மாத்திக்க."

அவள் மாற்றிக்கொள்ளவில்லை. அங்குலமாகவே எழுதிக்கொண்டாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்து, கழுத்து எலும்பிலிருந்து உட்காரும் பலகை வரைக்கும் எவ்வளவு என்று அளந்து சொல்லச் சொன்னாள். இருபத்தெட்டு.

"அவ்வளவு வேணும்க்கா. ஒரு தடவையாவது என் முடி மேல நானே உக்காரணும்."

கூந்தல் இருக்கிற மகராசி அள்ளி முடிகிறாள், நமக்கென்ன என்று நினைத்துக்கொண்டேன். என் தலையில் கொசு உட்கார்ந்தால் வழுக்கி விழுந்துவிடும். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் படியேறிப் போனாள்.

அவள் பைத்தியமில்லை என்பது மூன்று, நான்கு தடவை வந்து போன பிறகுதான் எனக்கு விளங்கியது. அவளுடைய வேலையே அதுதான். ஆலையில் ஒவ்வொரு சரக்கிலிருந்தும் நூல் எடுத்து, ஒரே நீளத்துக்கு வெட்டி, எடை போட்டு, அறுகிற வரைக்கும் இழுத்து, எத்தனை பாரத்தில் அறுந்தது என்று எழுத வேண்டும். ஏதாவது மாற்றிப் பார்ப்பதானால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்கும் தெரியாது என்பாள். ஒருத்தர் அளவைப் படிப்பார், இன்னொருத்தர் அதைப் பார்த்து டிக் போடுவார். டிக் இல்லாத அளவு அளவே இல்லை.

"இப்ப யார் டிக் போடறா?" என்று கேட்டேன்.

"கூட இருந்தவரு ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு. வேற ஆள் போடல. நான்தான் நீலப் பேனால எழுதறேன். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு வந்து சிவப்புப் பேனால டிக் போடறேன்."

"எதுக்குக் கொஞ்ச நேரம் கழிச்சு?"

"வேற ஆள் மாதிரி இருக்கட்டும்னு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் கதை துண்டு துண்டாகத்தான் வந்தது. பத்தொன்பது வயதில் நூற்கிற தளத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அப்போது இடுப்பைத் தாண்டிய சடை. ஒரு நாள் தொப்பி நழுவி, சடையின் நுனி சுழலும் தண்டில் சுற்றிக்கொண்டது. மேஸ்திரி பாய்ந்து வந்து கத்தியால் சடையை அறுத்துவிட்டார். தலை பிழைத்தது. சோதனை அறைக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு பயத்தில் ஆண்பிள்ளை கிராப்புதான். பிறகு அம்மா படுக்கையில் விழுந்துவிட்டாள். பதினொரு வருஷம். அண்ணன் ஒருத்தர் உண்டு, தூரத்தில் இருக்கிறார், பணம் அனுப்புவார், வரமாட்டார். "அம்மா தலைய சீவிச் சீவியே எனக்கும் ஒரு தலை இருக்குன்னு மறந்துட்டேன்க்கா" என்றாள். அம்மா போன மறுநாள் குளித்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது முடி காதுக்குக் கீழே இறங்கியிருந்ததாம். வெட்டப் போகவில்லை. அதோடு வளர்க்க ஆரம்பித்தவள், எங்கள் மாடிக்கு வந்ததும் அதற்குப் பிறகுதான். பதினாலு அங்குலத்தைத் தாண்டாமல் உடைந்துகொண்டே இருந்ததாம்.

அவள் பட்டியலில் நான்கு சோதனைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஆறு மாதம். ஒன்று முடிந்ததும் நீளமான பக்கத்தைக் குட்டையான பக்கத்துக்குச் சமமாக வெட்டிவிட்டுத்தான் அடுத்தது ஆரம்பிப்பாள். சமமாகத் தொடங்கவில்லை என்றால் அது சோதனையில்லையாம். இப்படி வளர்த்து வளர்த்து வெட்டினால் எந்தக் காலத்தில் உட்காருவது என்று நான் கேட்டால், "அவசரம் ஒண்ணுமில்லக்கா" என்பாள்.

முதல் சோதனை, மாதாமாதம் நுனி வெட்டினால் வேகமாக வளரும் என்கிறார்களே, அது. இடது பக்கம் மாதம் கால் அங்குலம் வெட்டிக்கொண்டாள், வலது பக்கத்தைத் தொடவில்லை. அழகு நிலையக்காரியிடம்தான் போய் வெட்டிக்கொள்வாள். நான் செய்ய மறுத்துவிட்டேன். துணி வெட்டுகிற கத்தரி முடியிலோ காகிதத்திலோ பட்டால் கூர் போய்விடும். என் கத்தரியை என் வீட்டுக்காரரே ஒரு தடவை மீசை வெட்ட எடுக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆறு மாதத்துக்குப் பிறகு வலது பதினேழு, இடது பதினைந்தரை. வெட்டினது எவ்வளவோ அவ்வளவுதான் குறைந்திருந்தது. கத்தரிக்கோலுக்கும் வேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்று தெரிந்தது. அழகு நிலையக்காரி ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டாவது எண்ணெய். இடது பக்க நுனிக்கு மட்டும் ஒரு சொட்டு, வலது பக்கம் வெறுமனே. எண்ணெய் வைத்த பக்கம் கால் அங்குலம் ஜெயித்தது. மூன்றாவது, தினமும் அலசுவதா, வாரம் ஒரு தடவையா. தினமும் அலசுவதற்கு வலது பக்கத்தை மட்டும் வாளிக்குள் சாய்த்துக்கொண்டு அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. வாரம் ஒரு தடவை கழுவின பக்கம் ஒரு முழு அங்குலம் கூடுதல். சமமாக வெட்டி இருபதில் நிறுத்தினாள்.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாக நான் ஏன் ஞாபகம் வைத்திருக்கிறேன்? அளக்க இரண்டு நிமிஷம் போதும். ஆனால் அவள் மூன்று மணிக்கு வந்தால் ஆறு மணிக்குத்தான் போவாள். முதலில் தண்ணீர் கொடுத்தேன். பிறகு டீ. பிறகு டீயோடு பிஸ்கட். பிறகு அந்த ஞாயிறுகளில் யார் துணி கேட்டு வந்தாலும் "நாளைக்கு வாங்க" என்று அனுப்ப ஆரம்பித்தேன். சனிக்கிழமை தரையைப் பெருக்கி நூல் பிசிறையெல்லாம் அள்ளி வைப்பேன். என் கடைக்கு நாள் முழுக்க ஆள் வருகிறது. எல்லாரும் கையைத் தூக்கி நிற்பார்கள், இடுப்பைச் சுற்றி அளப்பேன், போய்விடுவார்கள். அளந்து முடித்த பிறகும் உட்கார்ந்திருந்தது அவள் ஒருத்திதான். அவள் வராத ஞாயிறுகளில் மத்தியானம் எவ்வளவு நீளம் என்பதை எந்த டேப்பாலும் அளக்க முடியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இந்த இடத்தில் என் தொழிலில் இருக்கிற ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். இடுப்பளவை உரக்கச் சொன்னால் மனம் நோகிற வாடிக்கைக்காரர்கள் உண்டு. அவர்களுக்கு வாயால் ஒன்றைச் சொல்வேன், நோட்டில் வேறு ஒன்றை எழுதுவேன். முப்பத்தெட்டு இருக்கிற இடுப்பை "முப்பத்தாறு" என்பேன், அவர்கள் சந்தோஷமாக மூச்சை விடுவார்கள், நான் முப்பத்தெட்டுக்கு வெட்டுவேன். சட்டை பொருந்தும், மனமும் பொருந்தும். இதில் பாவம் எதுவுமில்லை என்று இருபத்திரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். வாய் எதைச் சொன்னாலும் அளவு நோட்டில் மட்டும் பொய் எழுதமாட்டேன்.

நான்காவது சோதனைதான் கடைசி. தினமும் நூறு தடவை சீவினால் முடி நீளும் என்று சொல்வார்களே, அது. இடது பக்கம் பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேலாக ஒரே ஒரு தடவை சிக்கெடுப்பது. வலது பக்கம் பிரஷ்ஷால் நூறு. வேலை விட்டு வந்ததும் ஏழு மணிக்கு உட்காருவாள். எங்கள் கட்டடத்தில் மாடித் தரை காகிதம் மாதிரி. அவள் வாய்விட்டு எண்ணுவது எனக்குக் கேட்கும். "அறுபத்திநாலு, அறுபத்தஞ்சு..." அந்த அறையிலிருந்து வருகிற ஒரே பேச்சுச் சத்தம் அதுதான். நூறு வந்ததும் நின்றுவிடும். நான் அதற்குப் பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

"இது முடிஞ்சா அவ்வளவுதான்க்கா" என்றாள் ஆரம்பித்த அன்று. "ஜெயிக்கறதை ரெண்டு பக்கத்துக்கும் வச்சுக்க வேண்டியதுதான். அப்புறம் அளக்க வேலையில்ல. ஒத்தைச் சடை போட்டுக்கலாம், ரோட்ல யாரும் சிரிக்க மாட்டாங்க."

அளக்க வேலையில்லை என்றால் அவள் எதற்குக் கீழே வருவாள்? எனக்கு அந்த ஒரு கவலைதான் இருந்தது. "சும்மா வா, டீ குடிக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை எனக்கு ஏன் வரவில்லை என்று இன்றுவரை தெரியாது. இரண்டு பேருமே ஒரு வேலை இல்லாமல் ஒருத்தர் வீட்டுக்குப் போய் உட்காரத் தெரியாதவர்கள். கையில் டேப் இருந்தால்தான் எனக்கு ஒருத்தருடைய முதுகைத் தொட முடியும்.

நான்காவது மாதம் இடது இருபத்திரண்டு வந்தது. வலது இருபத்தொன்றேகால். வலது பக்கம் நெடுக அறுந்த சின்ன முடிகள் பிசிறு தட்டின நூல் மாதிரி எழும்பி நின்றன. நூறு தடவை இழுத்தால் எந்த இழைதான் தாங்கும். முடிவு கண்ணுக்கு முன்னால் இருந்தது.

"எவ்வளவுக்கா?"

"இருபத்தொண்ணரை. ரெண்டும் ஒண்ணுதான்."

வாய் அதுவாகச் சொல்லிவிட்டது, இடுப்பளவைக் குறைத்துச் சொல்கிற அதே வாய். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் போன பிறகு நான் என் அளவு நோட்டில், சீருடை அளவுகளுக்கும் திரைச்சீலை அளவுகளுக்கும் நடுவில், சரியான அளவை எழுதி வைத்தேன். கையின் பழக்கம்.

ஆறு மாதம் முடிந்தபோதும் "ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். முடிவு வராமல் சோதனையை நிறுத்தக்கூடாது என்று அவள் நீட்டித்தாள். எனக்கு வேண்டியதும் அதுதானே. ஒவ்வொரு தடவையும் இடதில் கொஞ்சம் குறைத்தேன், வலதில் கொஞ்சம் கூட்டினேன். வித்தியாசம் ஒரு அங்குலமானது, ஒன்றரையானது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. இரண்டு சடையையும் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டால் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். தோள் வளைவில் அளவு மாறும், முதுகில் தொங்கவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று அவளே முன்பு சொல்லியிருந்ததால் நான் தைரியமாக இருந்தேன். அவள் முதுகுப் பக்கத்தைப் பார்த்து ஒன்று சொல்ல இந்த உலகத்தில் என்னைத் தவிர ஆளில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

ஒரு ஞாயிறு சீப்பில் வந்த முடிகளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தாள். ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள்.

"இதப் பாருங்க. அடியில வெள்ளையா ஒரு புள்ளி இருக்கு. இது வேரோட தானா விழுந்தது, அதுக்கு வயசாயிடுச்சு. இதுல புள்ளி இல்ல. இது நடுவுல உடைஞ்சது. உடைஞ்சது எல்லாம் வலது பக்கத்துலதான் இருக்கு. அப்படியும் நீளம் ஒண்ணாவே வருதே, அதுதான் புரியல."

நான் டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

அடுத்த தடவை டீ போட உட்கார்ந்தபோது பால் தீர்ந்துபோயிருந்தது. அவளைக் கடையில் உட்காரவைத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போய் வந்தேன். அன்றைக்கு அவள் ஆறு மணி வரை இருக்கவில்லை. அதற்குப் பிறகு தொடர்ந்து இரண்டு தடவை வரவில்லை. ஒரு மாதம். வயிற்றுவலி என்று படிக்கட்டில் சொன்னாள். மேலே எண்ணுகிற சத்தம் மட்டும் தவறாமல் கேட்டது. அந்த ஒரு மாதத்தில் நான் ஒரு கோட்டுக்கு இடது கையை இரண்டு தடவை தைத்தேன், வலது கை இல்லாமல். பிறகு ஒரு ஞாயிறு ஒன்றும் நடக்காதது மாதிரி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். நான் அளந்தேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். "சரிக்கா" என்று எழுதிக்கொண்டாள்.

சோதனை ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகப்போகிற சமயத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைக்கு வந்தாள். செவ்வாயில் அவள் வந்ததே இல்லை. ஆலையில் சோதனை அறையை மூடுகிறார்களாம். ஏதோ மிஷின் வந்திருக்கிறது, அதுவே நூலை இழுத்து அதுவே எழுதிக்கொள்ளுமாம். கம்பெனியின் இன்னொரு ஆலைக்கு அவளை மாற்றிவிட்டார்கள். ரயிலில் போனால் பதினாறு மணி நேரம்.

"டிக் யார் போடுவா?" என்று கேட்டேன். எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"அதுவே போட்டுக்கும்க்கா."

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு வந்தாள். மேலே மூட்டை கட்டி முடித்துவிட்டதால் கையெல்லாம் தூசி. முக்காலியில் உட்கார்ந்து சடைகளை அவிழ்த்தாள். நான் டேப்பைப் பிடித்தேன். இடது இருபத்தாறு. உட்காருவதற்கு இன்னும் இரண்டே அங்குலம். வலது இருபத்திமூன்று. மூன்று அங்குலம் குறைவு, அதில் முக்கால்வாசி என்னால் போனது. சோதனை நான்காவது மாதத்திலேயே முடிந்திருந்தால் அந்தப் பக்கமும் இந்நேரம் ஒழுங்காக வந்திருக்கும், இன்னும் ஐந்தாறு மாதத்தில் அவள் ஆசை நிறைவேறியிருக்கும். ரெண்டும் இருபத்திநாலரை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

"இடது இருபத்தாறு," என்றேன். "வலது இருபத்திமூணு."

அவள் திரும்பவில்லை. "போன தடவை ரெண்டும் இருபத்திநாலுன்னீங்க."

"பொய் சொன்னேன்."

"தெரியும்க்கா."

டேப்பின் நுனி என் விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"நீங்க பால் வாங்கப் போனீங்கல்ல அன்னைக்கு. உங்க நோட்டு தொறந்து கெடந்துது. ரெட்டைச்சடைன்னு தலைப்பு போட்டிருந்துது. தேதி போட்டு, இடது எவ்வளவு, வலது எவ்வளவுன்னு."

"அதுக்குத்தான் ஒரு மாசம் வரலியா?"

"கோவம். ரொம்பக் கோவம். மேல உக்காந்துக்கிட்டு உங்களைத் திட்டிட்டே இருந்தேன். எறங்கி வந்து நாலு வார்த்த கேக்கணும்னு செருப்பு கூடப் போட்டேன். அப்புறம் யோசிச்சேன். கேட்டா சோதனை முடிஞ்சுடும். முடிஞ்சா ஞாயித்துக்கிழமை எங்க போறது?"

அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். என் சுபாவம் அப்படி.

"தெரிஞ்சும் தினம் நூறு தடவை சீவி உடைச்சுக்கிட்டியா? அறிவிருக்கா உனக்கு? சீவாம சும்மா எண்ணியிருந்தா நான் என்ன கண்டேனா?"

"அது எப்படிக்கா. சீவாம எண்ணினா அது பொய்தானே."

நான் போய் டீ போட்டேன். திரும்பி வந்தபோது அவள் என்னுடைய அளவு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, மிஷின் மேலிருந்த என் பென்சிலால் ஒவ்வொரு வரியாக டிக் போட்டுக்கொண்டிருந்தாள். நான்காவது மாதத்து அளவிலிருந்து இன்றைக்கு நான் இன்னும் எழுதாத அளவு வரைக்கும். அதை அவளே எழுதி அதற்கும் ஒரு டிக் போட்டாள். கீழே, "முடிவு: நூறு தடவை சீவக்கூடாது" என்று எழுதினாள். வாரம் ஒரு தடவை கழுவு, நுனிக்கு எண்ணெய், பெரிய பல் சீப்பு, இழுத்துக் கட்டாதே, சும்மா சும்மா வெட்டாதே என்று வரிசையாக.

"வேர்ல யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. மாசம் அரை அங்குலம், அது பாட்டுக்கு வரும். வந்தது நுனியில உடையாம பார்த்துக்கணும். ரெண்டரை வருஷத்துல கண்டுபிடிச்சது இவ்வளவுதான்."

"இதுக்கா இத்தன பாடு?"

"ஆமா," என்றாள். டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். "சமமா வெட்டி விடுங்க."

"அழகு நிலையம் தொறந்திருக்கு."

"நீங்க வெட்டுங்க."

என் துணிக் கத்தரியை எடுத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் அது துணியைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. சுண்ணக்கட்டியால் அவள் முதுகுச் சட்டையில் இருபத்திமூன்றில் ஒரு கோடு போட்டேன். இடது பக்கத்து நல்ல முடியை, ஒரு பிசிறு இல்லாமல் வளர்ந்திருந்ததை, கோட்டோடு நேராக வெட்டினேன். மூன்று அங்குலம் தரையில் விழுந்து நூல் பிசிறோடு கலந்தது. பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சடையாகப் பின்னினேன். பின்னத் தெரியும் என்றே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேண்டுமென்றே மெதுவாகப் பின்னினேன். அவளும் அவசரப்படுத்தவில்லை.

மறுநாள் காலை வண்டி வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனது. தெரு அவளை ஒற்றைச் சடையில் பார்த்தது அன்று ஒரு நாள்தான். அழகு நிலையக்காரி வாசலில் நின்று, "யாருங்க இது, புதுசா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. தரையில் விழுந்த முடியை நான் பிசிறோடு பெருக்கிக் கொட்டிவிட்டேன். எடுத்து வைத்திருக்கலாம் என்று சாயங்காலம்தான் தோன்றியது. ஏழு மணிக்கு மாடியில் எண்ணுகிற சத்தம் இல்லை. அடுப்பை எப்போது பற்றவைப்பது என்று தெரியாமல் எட்டரை வரை உட்கார்ந்திருந்தேன்.

கத்தரி அதற்குப் பிறகு துணியை நேராக வெட்டவில்லை. சாணை பிடிக்கக் கொடுத்தேன், சரியாகிவிட்டது. மாடிக்கு ஒரு இளம் தம்பதி குடிவந்தார்கள். நாள் முழுக்கப் பேசுகிறார்கள். எதையும் எண்ணுவதில்லை.

ஒரு மாதம் கழித்து, ஞாயிறு மூன்று மணிக்குப் போன் வந்தது.

"அக்கா, எழுதிக்கறீங்களா? கதவுல சாஞ்சு நின்னு, தலைக்குப் பின்னாடி கைய விட்டு அளந்தேன். இருபத்திமூணரை வருது. சரியான்னு தெரியல. இங்க பின்னாடி பார்க்க ஆளில்ல."

கதவில் சாய்ந்து தன் முதுகைத் தானே அளந்தால் அரை அங்குலமாவது தப்பாகத்தான் வரும். எந்தத் தையல்காரியைக் கேட்டாலும் சொல்வாள். நான் அளவு நோட்டை எடுத்து அவள் பக்கத்தைத் திருப்பி, தேதி போட்டு இருபத்திமூன்றரை என்று எழுதினேன்.

"சரியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் டிக் போட்டேன். என் கண்ணால் பார்க்காமல் நான் டிக் போட்ட அளவு அது ஒன்றுதான்.

"அப்புறம்," என்றாள் அவள். ஆறு மணி வரை போனை வைக்கவில்லை.